நாற்பத்து மூன்று பேரும் ஒரு வரிசை கீழே

1836. இன்பொம் பிறப்பு.
1839. அவர் மனைவி, யுன் வீட்டுப் பெண், பிறப்பு.
1893. அவர்கள் மகன் சீயோன் பிறப்பு.
1893 − 1839 = 54.
1936. வம்சாவளிப் புத்தகம், முதல் அச்சு.
1973. இரண்டாம் அச்சு. திருத்தம் இல்லை.
2007 செப்டம்பர் 3, திங்கள். பழைய குடும்பப் பதிவேட்டின் நகல் ஒன்று. 500 வொன்.

பியோ தொக்சு யேச்சோன் பக்கத்து நீர்த்தேக்கம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் நீர்மட்டம் பார்த்தவர். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை. 1968இல் குடல்வால் அறுவைக்காக ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஏட்டில் காலியாகக் கிடந்த பதினெட்டுக் கட்டங்களை முன்னே பின்னே பார்த்து நிரப்பிவிடும்படி மேலதிகாரி சொன்னார். தொக்சு நிரப்பவில்லை. பார்க்காத தண்ணீரை எழுதுவதற்கில்லை என்று சொல்லிவிட்டார்.

எழுபத்தாறாவது வயதில் அவரிடம் வம்சாவளிப் படிவங்கள் வந்து சேர்ந்தன. முப்பத்து நான்கு வருஷங்களுக்குப் பிறகு பியோ குலத்தார் மறுபடி புத்தகம் அச்சிடப் போகிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் ஆட்களின் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் எழுதி நவம்பர் முப்பதுக்குள் அனுப்ப வேண்டும். தொக்சுவின் தாத்தா சீயோன் தொடங்கி, உல்சானில் போன மாதம் பிறந்த குழந்தை வரை நாற்பத்து மூன்று பெயர்கள் அவர் பொறுப்பு. மற்றவர்கள் பழைய புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதினார்கள். தொக்சு ஒவ்வொருவர் பிறந்த வருஷத்திலிருந்தும் தாயின் பிறந்த வருஷத்தைக் கழித்துப் பார்த்தார்.

ஐம்பத்து நான்கு வயதில் ஒரு பெண் பிள்ளை பெற்றிருக்கிறாள். இரண்டு அச்சிலும் பெற்றிருக்கிறாள். எழுபத்தொரு வருஷமாக யாரும் கேட்கவில்லை.

அவர் தம்பி ஹியோன்சுவின் சிறு லாரியில் ஏறி வட்டார அலுவலகத்துக்குப் போனார். 1909ஆம் வருஷத்துப் பதிவேட்டின் நகலை எழுத்தர் பெண் எடுத்துத் தந்தாள். தூரிகையால் எழுதிய கையெழுத்து. தொக்சு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"குடும்பத் தலைவர் இன்பொம். பேரன் சீயோன். பேரனின் தந்தை சோனுக், காலமானார். தாய் குவாக் வீட்டுப் பெண்."

"பேரனா?" என்றார் ஹியோன்சு. "புத்தகத்துல மகன்னுல்ல இருக்கு."

"நடுவுல ஒருத்தர் இருந்திருக்காரு. சோனுக்."

"யாரு அவரு?"

"நம்ம கொள்ளுத் தாத்தா. இன்னைக்குத்தான் கேள்விப்படறோம்."

"தாத்தா ஏன் அப்பா பேர விட்டாரு? பேருக்கு இவ்வளவுன்னு அப்பவும் காசு வாங்கினாங்களோ? ஒரு பேரு மிச்சம்."

தொக்சு வேறு ஒன்றை எண்ணிக்கொண்டிருந்தார். அணையின் ஏட்டில் பார்க்காத நாளுக்குக் காலிக் கட்டமாவது இருந்தது. சோனுக்குக்கு அதுவும் இல்லை. மேல் வரியும் கீழ் வரியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இடையில் ஓர் ஆள் நின்றதற்கான இடமே இல்லாமல் அச்சாகியிருந்தது. இந்தத் தடவையும் விட்டுப்போனால் அடுத்த அச்சு இன்னும் முப்பது வருஷம் கழித்துத்தான்.

லாரி பாதி வழி வந்த பிறகு ஹியோன்சுவுக்குத் தோன்றியது.

"அண்ணே, அவர நடுவுல சேத்தா நாம எல்லாரும் ஒரு தலைமுறை கீழ போயிடுவோமே."

"ஆமா."

"அப்ப மான்சு?"

"சித்தப்பா."

ஹியோன்சு லாரியை ஓரமாக நிறுத்தினார்.

பியோ குலத்தில் வரிசை வயதுப்படி அல்ல, தலைமுறைப்படி. மான்சு இன்பொம்மின் தம்பி வழியில் வந்த பங்காளி. தொக்சுவுக்கு ஒன்பது வயது இளையவர். யேச்சோன் பஸ் நிலையத்துக்கு எதிரே டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அவருக்கு நீச்சல் கற்றுக் கொடுத்தது தொக்சு. முதல் மோட்டார் சைக்கிளை வாங்க வேண்டாம் என்று தடுத்ததும் தொக்சு. இன்றுவரை "டேய் மான்சு" தான். இவர்கள் மூவருடைய பெயரும் 'சு' என்று முடிவதும் ஒரே தலைமுறை என்பதால்தான்.

"அப்ப நம்ம பேரே தப்பு" என்றார் ஹியோன்சு. "சித்தப்பாமாருக்கு வைக்கிற பேர எழுபது வருஷமா வச்சிக்கிட்டுத் திரியறோம்."

வீட்டில் தொக்சுவின் மனைவி ஒக்புன் விஷயத்தைக் கேட்டுவிட்டு முள்ளங்கி நறுக்குவதை நிறுத்தவில்லை.

"மான்சு பொண்டாட்டிய நான் சின்ன மாமியான்னு கூப்பிடணுமா?"

"கூப்பிடணும்."

"கிம்ச்சிக்கு உப்பு எவ்வளவு போடணும்னு இன்னும் எனக்கு போன் பண்றவ அவ."

"சொல்லிக் குடு. மரியாதையா சொல்லிக் குடு."

"செத்து நூறு வருஷம் ஆன ஆளு. இப்ப வந்து கேக்கப் போறாரா?"

"கேக்க மாட்டாரு. அதனாலதான் யாரும் எழுதல."

சொல்லிவிட்டாரே தவிர, படிவம் பதினொரு நாள் மேசையிலேயே கிடந்தது. மூதாதையர் படையலில் முன் வரிசையில் நிற்பது தொக்சுவுக்குப் பிடிக்கும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பன்னிரண்டாம் நாள் பேனாவுக்கு மை நிரப்பி, சீயோனுக்கு மேலே சோனுக் என்று எழுதினார். பிறப்பு தெரியாது, இறப்பு தெரியாது. பிறகு நாற்பத்து மூன்று பெயர்களையும் ஒரு வரிசை கீழே இறக்கி மறுபடி எழுதினார். அதற்கு நான்கு நாள் ஆனது.

உல்சானில் இருந்த தம்பி மகனுக்கு போன் செய்து சொன்னார்.

"சரிங்க பெரியப்பா. எங்களுக்கு என்ன மாறும்?"

"ஒண்ணும் மாறாது."

"அப்ப சரி."

இனிக் கிளைப் பொறுப்பாளரின் முத்திரை வேண்டும். அது இல்லாமல் தொகுப்புக் குழு எந்தத் திருத்தத்தையும் ஏற்காது. யேச்சோன் கிளைக்குப் பொறுப்பாளர் மான்சு.

மான்சு குதித்துக்கொண்டு முத்திரை போடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் கடைக் கல்லாவில் உட்கார்ந்து, தொக்சு கொண்டுவந்த பதிவேட்டு நகலையும் படிவத்தையும் இரண்டு தடவை படித்தார். பிறகு அவற்றை மேசைக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

"போட மாட்டேன், அண்ணே."

"கணக்குல தப்பு இருக்கா?"

"கணக்குல உங்ககிட்ட யாரு தப்பு கண்டுபிடிக்கிறது. 1936ல எழுதிக் குடுத்தது உங்க தாத்தா. அவரோட அப்பா யாருன்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரியும். ஏன் எழுதலைன்னு எனக்குத் தெரியாது. அதனால அத நான் எழுதல. பதிவேட்டுல இருக்கறத மட்டும் எழுதியிருக்கேன்."

"உங்களுக்கு எழுபத்தாறு வயசு. நீங்க என்னைச் சித்தப்பான்னு கூப்பிட்டா ஊர்ல சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கறது மூணு நாளைக்கு. புத்தகம் முப்பது வருஷத்துக்கு."

மான்சு ஒரு ஃபேன் பெல்ட்டை எடுத்து இழுத்துப் பார்த்து, திரும்ப ஆணியில் மாட்டினார்.

"முன் வரிசையில இப்ப இருக்கறது நாம மூணே பேரு" என்றார். "நீங்க ரெண்டு பேரும் பின்னால போயிட்டா, நான் மட்டும் தனியா நிக்கணும். அத யோசிச்சீங்களா?"

தொக்சு யோசித்திருக்கவில்லை. படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

நவம்பர் பதினெட்டு, ஞாயிறு. குலத்தார் மலை மேல் மூதாதையர் சமாதிக்குப் படையல் வைக்கும் நாள். இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். கல் மேடையில் அரிசிப் பலகாரம், உலர்ந்த மீன், சீமைப் பனிச்சைப் பழம். ஆண்கள் தலைமுறைப்படி வரிசை கட்டினார்கள். மான்சு தம் வழக்கமான இடத்தில் போய் நின்றார். வலது பக்கம் தொக்சுவுக்கு இடம் விட்டிருந்தார்.

தொக்சு இரண்டாம் வரிசையில், உல்சானிலிருந்து வந்திருந்த ஒரு பங்காளிப் பையனுக்குப் பக்கத்தில் நின்றார். பின்னாலேயே ஹியோன்சுவும் வந்து நின்றார். வரிசை ஓர் ஆள் அகலத்துக்கு நகர்ந்து இடம் கொடுத்தது.

மான்சு திரும்பிப் பார்த்தார். "அண்ணே, முன்னால வாங்க."

"என் இடம் இதுதான், சித்தப்பா" என்றார் தொக்சு.

பின்னால் யாரோ இருமினார்கள். சிரிப்பை அடக்கின இருமல். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. குளிர் அதிகமாக இருந்தது. எல்லோருக்கும் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

மது ஊற்றினார்கள். எல்லோரும் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தார்கள். அறுபது வருஷமாக மான்சு பக்கத்தில் தொக்சு எழுவதைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுவார். இப்போது பக்கத்தில் யாரும் இல்லை. இருபத்தைந்து பேரும் அவர் எழுவதற்காகக் காத்துக் குனிந்திருந்தார்கள். அவர் எழவில்லை. எப்போது என்று அவருக்குத் தெரியவில்லை.

தொக்சு தலையைத் தூக்காமல், முன்னால் இருந்த ஆளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"போதும், எந்திரிங்க சித்தப்பா."

மான்சு எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். இரண்டாம் தடவையும் அப்படியே.

சாப்பிடும்போது மான்சு கோப்பையுடன் வந்து தொக்சுவின் முன்னால் உட்கார்ந்தார். மீனைக் கிழித்துப் பாதியை அவர் தட்டில் வைத்தார்.

"அடுத்த வருஷமும் சொல்வீங்களா?"

"என்னத்த?"

"எப்ப எந்திரிக்கணும்னு."

"உசுரோட இருந்தா சொல்றேன்."

"இல்லன்னா?"

"பத்து எண்ணுங்க. மெதுவா எண்ணுங்க, நீங்க எப்பவும் வேகமா எண்ணுவீங்க."

"சித்தப்பாவ இப்படியா பேசறது" என்றார் மான்சு. "படிவத்த எடுங்க."

முத்திரை அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. பழப்பெட்டியின் மூடி மேல் படிவத்தை வைத்து அழுத்தினார். முத்திரை சற்றுச் சாய்ந்து விழுந்தது. தொக்சு பையிலிருந்து இன்னொரு பிரதியை எடுத்து நீட்டினார். மான்சு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்தத் தடவை இரண்டு கையாலும் பிடித்து நேராக வைத்தார்.

மறுநாள் காலை தொக்சு அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். இருபத்தைந்து நாள் ஆயின. தொகுப்புக் குழுவின் பதில் ஒரே பக்கம். இணைத்த நகலின்படி திருத்தம் ஏற்கப்பட்டது. சீயோன் முதல் நாற்பத்து மூன்று பேரும் ஒரு வரிசை கீழே மாற்றப்படுவார்கள். இன்பொம்மின் கீழ் புதிதாகச் சேர்க்கப்படுவது: சோனுக். பிறப்பு தெரியவில்லை. இறப்பு தெரியவில்லை. மனைவி குவாக் வீட்டுப் பெண். மகன் ஒருவர், சீயோன்.

தொக்சு அதை ஒக்புன்னிடம் படித்துக் காட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தார். பிறகு உறையின் மூலையில், வழக்கம்போல, வந்த நாளைக் குறித்தார்.

2007 டிசம்பர் 14, வெள்ளி.