ரோஸ்லினும் காது கேட்காத கறுப்பு எலிகளும்

ரோஸ்லின் போய்விட்டாள். காலையில் அவள் மகள் வாட்ஸ்அப்பில் சொன்னாள்... தூக்கத்திலேயே போயிருக்கிறாள்.

உங்களில் பலருக்கு அவளைத் தெரியாது. எண்பதுகளின் கடைசியில், மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒன்றாக வேலை பார்த்தோம். ஒரே வயதுப் பெண்கள். அவள் எஸ்டேட் லயத்திலிருந்து சைக்கிளில் வருவாள், நான் சுங்கை பெசாரிலிருந்து பஸ்ஸில்.

எனக்குக் கம்ப்யூட்டர். அவளுக்கு எலிகள்.

மூன்று ரூமில் எலி வளர்த்தார்கள். ஒவ்வொரு ரூமுக்கும் தனி கார்டு, தனி பெயர். ஒரே வகை எலிக்கு இங்கே ஒரு பெயர், அங்கே ஒரு பெயர்... எல்லாவற்றையும் ஒரே லிஸ்டாக்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை.

இரண்டாம் ரூம், மூன்றாம் ரூம் கறுப்பு எலிகளின் பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். எழுதியவர் பிழை என்று நினைத்து, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன்.

லிஸ்டைப் பார்த்த எங்கள் ஆராய்ச்சிக்கூடத் தலைவர், டாக்டர், "ஒரே வகைய எதுக்கு ரெண்டு ரூம்ல வளக்கணும்? மூணாம் ரூம் எலிங்கள நாளைக்கு முடிச்சிடுங்க" என்றார்.

ரோஸ்லின் தீனி வாளியோடு என் மேசைக்கு வந்துவிட்டாள். "ஏய், ரெண்டும் ஒன்னுன்னு யாரு சொன்னா?"

"ரெண்டும் கறுப்புதானே..."

"நீயும் நானுங்கூடத்தான் கறுப்பு. ஒரே ஆளா லா?"

டாக்டரைக் கையோடு கூட்டிவந்தாள். இரண்டு ரூமிலிருந்தும் ஒவ்வொரு கூண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாவிக்கொத்தை ஒரு குலுக்கு குலுக்கினாள்.

ஒரு கூண்டில் எல்லா எலிகளும் துள்ளிக் குதித்தன. அடுத்த கூண்டில்... ஒன்றுகூடத் திரும்பவில்லை. அவை பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தன.

"இதுங்களுக்கு வளந்தா காது கேக்காது சார். ஆத்தாளுக்கும் அப்படித்தான், பிள்ளைங்களுக்கும் அப்படித்தான்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குத்தான் முகம் சுண்டிப்போனது. அவள் மட்டும் வந்து நிற்காவிட்டால்...

அன்றிலிருந்து உத்தரவு: ரோஸ்லின் பார்க்காமல் ஒரு பெயரையும் ஏற்றக் கூடாது!

பிறகு, டெலிபோன் லைன் வழியாக வெளிநாட்டு எலி லிஸ்டோடு எங்களுடையதை ஒத்துப்பார்த்த நாள். மோடம் கீச்சென்று கத்தியதும் ஓடிவந்தாள். "எந்தக் கூண்டு லா கத்துது?"

திரையில் அந்த இரண்டு கறுப்பு எலிகளும் தனித்தனி வரியாக வந்தன. "நான் சொல்லல?" என்று என் முதுகில் ஓர் அறை. சந்தோஷத்தில் அவளுக்குக் கை நீளும்.

அந்த வாரமே டாக்டர் எங்களைச் செகிஞ்சானுக்கு மீன் சாப்பிடக் கூட்டிப்போனார். மேசைக்கடியில் ஒரு வீட்டெலி ஓடியது. ரோஸ்லின் நாற்காலிமேல் ஏறி நின்று ஒரே அலறல்!

"நாள் பூரா எலியோட இருக்கிறவ, இதுக்குப் போயா?" என்றேன்.

"அதுங்கள எனக்குத் தெரியும். இது யாருன்னே தெரியாது லா!"

கடையே சிரித்தது.

போய் வா, ரோஸ்லின்... அழுதுகொண்டே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நீ விடவில்லை.