நாரை வராத ஞாயிறு

பெரிய அலகு நாரையைப் பார்த்தவர்கள் எங்கள் பள்ளிப் பறவை மன்றத்தில் ஒருவருமில்லை. ஆசிரியரே பார்த்ததில்லை. நான் பார்த்தேன், பத்து வயதில், சிங்கப்பூரை ஒட்டிய உபின் தீவின் சதுப்புநில ஓடையொன்றில், சித்தியோடு போன கயாக் என்ற துடுப்புப் படகின் முன்னிருக்கையிலிருந்து.

அன்று மாலை நான்கு மணிக்குச் சித்தியைப் பெண் பார்க்கச் சிராங்கூன் வீட்டுக்கு ஆட்கள் வருவதாக ஏற்பாடு. "ரெண்டு மணிக்குள்ள வீட்ல இருக்கணும். வெயில்ல கறுத்துப் போயிராத லா," என்று அம்மா தன் தங்கையின் முகத்தில் சன்பிளாக்கைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் அப்பி அனுப்பினார். எனக்கு அவசரம். எனக்கு எப்போதும் அவசரம்.

ஓடைக்குள் நுழைந்ததுமே மீன்கொத்தி, வெயில் காய்ந்த உடும்பு, தலையை மட்டும் நீட்டிவிட்டு மூழ்கிய நீர்நாய். ஒன்றைப் பார்க்கும்போதே அடுத்தது எங்கே என்று கழுத்து திரும்பிவிடும். "ஆடாதடி, கவுந்துருவோம்," என்று பின்னாலிருந்து சித்தியின் துடுப்பு முதுகில் தட்டும். பதினொரு மணிக்கு ஒரு வளைவு திரும்பியதும், நாரை. கிட்டத்தட்ட என் உயரம். ஒரு மீனை எடுத்து விழுங்கிவிட்டு எங்களை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு சிறகை விரித்தது, போயே போய்விட்டது.

இனி அங்கே என்ன வேலை? திங்கட்கிழமை மன்றத்தில் எப்படிச் சொல்வது என்று ஒத்திகையே தொடங்கிவிட்டேன். "போலாம் சித்தி!"

"இரு, திரும்பி வரும்."

வரவில்லை. மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன். "தண்ணி இறங்குது சித்தி, பாருங்க."

"இறங்கட்டும்."

கடல் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சித்திக்கு மனப்பாடம். அதனால் எனக்குப் பயமில்லை, எரிச்சல்தான். பன்னிரண்டரைக்குக் கயாக்கின் அடி சேற்றில் தட்டி உட்கார்ந்தது. இறங்கினால் முழங்கால்வரை புதையும். தண்ணீர் திரும்பும்வரை அசைய முடியாது.

சித்தி கைப்பேசியை எடுத்தார். "அக்கா, சேத்துல மாட்டிக்கிட்டோம்க்கா. வர ஏழு மணியாயிரும். நான் என்ன பண்றது, பாப்பாதான் நாரையப் பாக்காம வரமாட்டேன்னு ஒரே அடம்."

"அந்த வாண்டு வீட்டுக்கு வரட்டும்!" என்று அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து நண்டுகளெல்லாம் வளைக்குள் ஓடின.

திரும்பி முறைத்தேன். சித்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரொட்டி வேணுமா?" என்றார்.

நான்கு மணிநேரம் ஓரிடத்தில் உட்காருவது எனக்கெல்லாம் தண்டனை. சேற்றில் தத்தித் திரிந்த மீன்களை எண்ணினேன், எண்ணிக்கை தவறி மறுபடி எண்ணினேன். நான்கு மணியானபோது சித்தி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு காலை நீட்டிச் சாய்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

வீட்டில் கேசரித் தட்டுகள் தொடாமல் கிடந்தன. அம்மா நேராக என்னிடம்தான் வந்தார். "வந்தவங்க அரை மணி நேரம் உக்காந்துட்டு எழுந்து போயிட்டாங்க. எல்லாம் ஒரு நாரைக்காக! பாத்தியா, அதையாவது?"

வாசலில் குனிந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த சித்தியின் கை அப்படியே நின்றது.

பதினொரு மணி, மீன், சிறகு எல்லாம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டன.

"இல்லம்மா," என்றேன். "வரவே இல்ல."

அம்மா திட்டித் தீர்த்தார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. சித்தியிடம் எதையும் கேட்கவும் தோன்றவில்லை. அன்று அந்த வீட்டில் எல்லாவற்றையும் இழந்தவள் நான் ஒருத்திதான் என்ற கோபத்தில், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.