குளிரில் வைத்த சுருள்கள்

என் நண்பர் சந்தியோகுவின் இன்சுலினைப் பழுதாக்கியவன் நான். அவருடைய வலது கால் இன்று முழங்காலோடு நின்றுபோனது என்னால்தான். இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

நான் நறுவிலிக்குளத்தான், பௌதிகம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். பிலிம் கமரா என் பைத்தியம். தலைமன்னார்ச் சந்தியோகு என் பயணத் துணை. சிலாவத்துறைக்குத் தெற்கே, காட்டோரக் கடற்கரையில், மீனவர் கொட்டில் போட்டுத் தங்கும், மின்சாரமில்லாத ஒரு மீன்வாடியில் ஒரு கிழமை தங்கிப் பூநாரைகளைப் படமெடுக்கப் புறப்பட்டோம்.

"மாஸ்டர், என்ரை மருந்தையும் நீங்களே வையுங்கோ. பொதி கட்டுறதிலை நீங்கள் விண்ணன்," என்று ஐஸ் போட்ட சின்னப் பிளாஸ்கை என்னிடம் நீட்டினார்.

கமராவும் வில்லைகளும் முக்காலியும் பொதிக்குள் அடங்கிவிட்டன. பிலிம் சுருள்கள் மிஞ்சின. கனடாவிலிருந்து மகள் தேடி அனுப்பியவை. இனிக் கிடைக்காத வகை. சூடேறினால் நிறம் கெடும். பிளாஸ்கிலோ இரண்டுக்கும் இடமில்லை... சுருள்களை உள்ளே வைத்தேன். மருந்துக் குப்பிகளைக் கமராப் பையின் ஓரத்தில் செருகினேன்.

வெப்பம் மருந்தையும் கெடுக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும்!

காலையில் அவர் முகம் கழுவப் போகும் நேரம் பார்த்து, வெதுவெதுத்த குப்பியைப் பிளாஸ்கின் ஐஸ் தண்ணீரில் உருட்டி, வந்ததும் கொடுப்பேன்.

"பாருங்கோ, விறைக்குது! மாஸ்டர் கட்டின பொதி எண்டால் பொதிதான்!" என்று சிரித்தபடி ஊசியை ஏற்றிக்கொள்வார்.

வாடிக்காரரின் மீன்பெட்டி நிறைய ஐஸ் இருந்தது; பிளாஸ்குக்கும் தினம் அதிலிருந்துதான் அள்ளினேன். மருந்தை அதற்குள் வைக்கலாமா என்று ஏன் கேட்கவில்லை? கேட்டால், பிளாஸ்கில் இருப்பது என்னவென்று சந்தியோகுவுக்குத் தெரிந்துவிடும்!

அவர் குதிக்காலில் மட்டி ஓடு கீறியது. காயம் ஆறவில்லை. ஊர் திரும்பும்போது பாதம் கறுத்திருந்தது. இரத்தத்தில் சீனி எல்லை மீறிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில்; காலை எடுத்தார்கள். எப்படியும் எடுத்திருப்பார்களோ? இந்தக் கேள்விக்குள் எத்தனையோ முறை ஒளிந்து பார்த்தேன்... ஒளிய முடியவில்லை.

"வாடியிலை சீனித் தேத்தண்ணியாக் குடிச்சுத் தள்ளியிருப்பார், மாஸ்டர்! சொல்வழி கேளாத மனுசன்," என்றார் அவர் மனைவி மரியம்மா.

அங்கே அவர் சீனியைத் தொடவே இல்லை. நான் பார்த்தவன்.

வாடியில் நான் எடுத்த பூநாரைப் படம் அவர் கட்டிலுக்கு எதிரே தொங்குகிறது. நிறம் ஒரு பொட்டும் மங்கவில்லை.

போன கிழமை மடுக் கோயில் திருவிழாவுக்குப் புறப்பட்டவர், அதே பிளாஸ்கை என்னிடம் நீட்டினார். "இவளை நம்பேலாது. நீங்களே வையுங்கோ."

ஐஸ் போட்டேன். குப்பிகளை வைத்தேன். மூடினேன். திறந்து பார்த்தேன்... மீண்டும் மூடினேன். மீண்டும் திறந்தேன்.

"என்ன மாஸ்டர், உள்ளுக்கை பிலிம் ஒளிக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டுக் கடகடவென்று சிரித்தார்.

நானும் சிரித்தேன்.