முதலிபாளையத்தில் ஒரு ரக்பி ஆட்டம்

காலை ஏழரைக்குத் திருப்பூர் ஸ்டேஷனில் இறங்கினேன். வேல்ஸிலிருந்து ஒரு பனியனுக்காக வந்திருக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்? ஆட்டோக்காரர் நம்பினார். "இங்க எல்லாரும் அதுக்குத்தானுங்க வர்றாங்க" என்றவர், முதலிபாளையத்துக்கு முந்நூறு ரூபாய் கேட்டார். அத்தனை மரியாதையாகக் கேட்டதால் பேரம் பேச மனசு வரவில்லை.

நான் மதுரைக்காரன். வேல்ஸில் ஒரு பழைய சுரங்க ஊரில் நர்ஸ் வேலை. அந்த ஊர் ரக்பி கிளப்புக்கு உடுப்பு வாங்குகிற பொறுப்பு என் தலையில். ரக்பி என்றால், முட்டை வடிவப் பந்தோடு ஓடுபவரை எதிரணி கட்டிப்பிடித்துச் சாய்க்கும் ஆட்டம். நிலக்கரி வெட்டியவர்கள் தொடங்கிய கிளப் அது. முதல் ஜெர்சிகளை அவர்களுடைய மனைவிமார் மாவுச் சாக்கைப் பிரித்துத் தைத்தார்களாம். சுரங்கம் மூடி, ஊரில் பாதிப்பேர் பிழைப்புத் தேடிப் போன பிறகும் கிளப் எப்படியோ தாக்குப்பிடித்தது. இந்த வருடம்தான் முதன்முதலாகப் பெண்கள் அணி. என் மகள் யாழினியும் அதில் இருக்கிறாள். ஆண்களின் பழைய ஜெர்சி அவளுக்கு முழங்கால்வரை தொங்குகிறது. "இதை மாட்டிக்கிட்டு முதல் மேட்ச் ஆட மாட்டேன்ப்பா" என்று சொல்லிவிட்டாள். மேட்ச் அடுத்த வாரம். எனக்கு விமானம் மறுநாள் இரவு.

பத்து மணிக்குப் பனியன் கம்பெனி முதலாளி குமாரசாமி இளநீர் கொடுத்துவிட்டு, எங்கள் ஜெர்சியின் சாம்பிளை விரித்தார். எனக்குப் பகீர் என்றது. மெல்லிய துணி, கழுத்தில் நளினமான வளைவு.

"லேடீஸுன்னு எழுதியிருந்தீங்க. அதான் நைசா போட்டுட்டமுங்க" என்றார் பெருமையாக.

வாயால் விளக்கி ஆகாது என்று போனில் யாழினியின் பயிற்சி வீடியோவைக் காட்டினேன். தையல் லைன் சூப்பர்வைசர் சாந்தாமணி எட்டிப் பார்த்தார். ஓடிவந்த ஒருத்தியை யாழினி இடுப்போடு பிடித்துச் சேற்றில் சாய்த்தாள்.

"அட சாமீ! இந்தப் புள்ளைக்கா இந்தத் துணி?" சாந்தாமணி சாம்பிளின் கழுத்தைப் பிடித்து ஒரே இழுப்பு. டர்ரென்று கிழிந்தது. "ஏனுங்க மொதலாளி, நைட்டித் துணிய எடுத்துப் போட்டுட்டீங்களே!"

லைன் முழுக்கச் சிரிப்பு. முதலாளிக்கும் அடக்க முடியவில்லை. உடனே கிடங்கிலிருந்து கெட்டியான சிவப்புத் துணி வந்தது. கழுத்துக்கு உள்நாடா கொடுத்து இரட்டைத் தையல் போட்டார்கள்.

நாலு மணிக்குப் புது பீஸ் தயார். "இழுத்துப் பாத்தா பத்தாதுங்க, ஆடிப் பாக்கோணும்" என்றார் சாந்தாமணி. பள்ளியில் கபடி ஆடியவராம். பெரிய சைஸை நான் மாட்டிக்கொண்டேன். வெட்டுத்துணியைச் சுருட்டிக் கட்டிப் பந்தாகக் கொடுத்தார்கள். கம்பெனி வாசலில் ஓடினேன். பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டேன், பின்னாலிருந்து காலரில் சாந்தாமணியின் கொத்துப்பிடி. அடுத்த நொடி மண்ணில் கிடந்தேன்.

எழப் போனேன். "அசையாதீங்க சார், தையலப் பாக்கோணும்!" நாலைந்து பேர் என்னைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். "ஒரு நூலுகூடப் பிரியலீங்க!" பிரிந்தது என் முழங்கைத் தோல்தான்.

மறுநாள் மாலை எல்லா ஜெர்சியும் பெட்டிக்குத் தயார். "பேக் பண்றதுக்கு முன்னால ஒருக்கா போட்டுப் பாத்துக்கட்டுங்களா?" என்று சாந்தாமணி கேட்டார். சுடிதார்மேல், சேலைமேல் மாட்டிக்கொண்டு லைனே வந்து நின்றது. நடுவில் நான், முழங்கையில் கட்டோடு. முதலாளி என் போனில் படம் எடுத்தார். எங்கள் கிளப் சுவரில் ஆடியவர்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. மாவுச் சாக்கைத் தைத்தவர்களின் படம் ஒன்றுகூட இல்லை. அது நினைவுக்கு வந்ததும் முடிவு செய்துவிட்டேன். இந்தப் படத்தை அந்தச் சுவரில் நானே ஆணி அடித்து மாட்டப்போகிறேன்.

கோயமுத்தூர் பஸ்ஸில் இருந்தே அதை யாழினிக்கு அனுப்பினேன். திருப்பூர் தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது: "ஜெர்சி சூப்பர்ப்பா, கண்டிப்பா ஆடறேன். ஆனா நீங்க யார்கிட்ட தோத்தீங்க?"