மூவருக்கான கூவல்

மற்ற அப்பாக்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எங்களுடையவர் ஒட்டகத்தைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்.

கனடாவுக்கு வருமுன் அவர் சவூதியில் ஓர் ஒட்டகப் பண்ணையில் வேலை பார்த்தவர். தலைமுறை தலைமுறையாக மேய்க்கும் குலத்து அரபி ஒருவர் அங்கே அவருக்குக் கூட்டாளி. அந்தக் குலத்தில் ஒவ்வொரு மேய்ப்பனும் தன் மந்தைக்கென்று சொந்தமாக ஒரு கூவல் கட்டுவானாம். வேறு கூவல் கேட்டால் ஒட்டகம் திரும்பியும் பாராதாம்.

இங்கே பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதிக்குக் குடிவந்த பிறகு அப்பா எங்கள் மூன்று பேருக்கும் அந்த முறையில் புதிதாக ஒரு மெட்டுக் கட்டினார். அண்ணாவுக்கு மேலே ஏறும் நீட்டல். எனக்கு நேரே போவது. அதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறைதான். தங்கச்சிக்கு இறங்கி வரும் சின்னக் குழைவு. பூங்காவில் அது கேட்டதும் போட்டது போட்டபடி ஓடுவோம். குழைவு முடியுமுன் தங்கச்சி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டிருப்பாள்.

"ஒட்டகம் மேய்ச்ச மனுசனுக்குப் பிள்ளையளும் ஒட்டகம்தான்," என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார். அம்மா ஒருநாளும் பாடியதில்லை. அவ்வளவு வெட்கம்.

ஒரு குளிர்காலத்தில் தங்கச்சி காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவேயில்லை. வீட்டில் கூவலும் நின்றுபோனது. பனி கரையத் தொடங்கியபோது அப்பா குசினியில் அடுப்பு மூலையில் இருந்து கைபேசியில் முனகிப் பதிவு செய்வார், அழிப்பார், மறுபடி முனகுவார்.

"ரெண்டு பேருக்குப் புதுசாக் கட்டுறன்," என்றார் ஒருநாள். அம்மா கோப்பை கழுவுவதை நிறுத்தவில்லை.

கொஞ்ச நாளில் எல்லோரும் பூங்காவுக்குப் போனோம். வீட்டுக்குத் திரும்பும் நேரம் வந்ததும் அப்பா புதியதைப் பாடினார். உண்மையைச் சொன்னால் நல்ல மெட்டு, ஒழுங்காக இரண்டாவது நீட்டலோடு முடிந்தது. ஊஞ்சலடியில் நின்ற நானும் அண்ணாவும் அசையவில்லை. குறும்பு ஒன்றுமில்லை, கால் எழும்பவில்லை. அப்பா மறுபடி பாடினார். நாங்கள் அவரைப் பார்த்தபடியே நின்றோம்.

பூங்கா வாங்கில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தார். "அது பிள்ளையளின்ர பாட்டில்லை. பழசைப் பாடுங்கோ."

அப்பா வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது.

அம்மாவே தொடங்கினார். அத்தனை சனத்துக்கு நடுவில், சுருதியும் இல்லாமல், குரல் கீறக் கீற. முதல் நீட்டலுக்கு அண்ணா ஓடினான். அடுத்ததற்கு நான் ஓடிப்போய் அம்மாவின் குளிர்கோட்டைப் பிடித்துக்கொண்டேன். அம்மா நிறுத்தவில்லை. சறுக்குமரத்தைப் பார்த்தபடி அந்தக் குழைவைப் பாடினார். திரும்பவும் அதையே பாடினார்.

"அம்மா, நாங்கள் வந்திட்டம்தானே! ஏன் இன்னும் கூப்பிடுறீங்கள்?" என்று கேட்டேன்.

அப்பா என் தலையைத் தன் வயிற்றோடு இறுக்கிக்கொண்டார். நான் சுணங்கி வந்ததுதான் பிழை என்று நினைத்தேன். அடுத்தமுறை இன்னும் வேகமாக ஓடினேன்.