பொட்டலத்துக்கு ஆகாத காகிதம்

எங்கள் வீட்டில் ஃபெயில் என்ற சொல் அத்தைக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் அவள் இரண்டு முறை தவறியிருந்தாள். விருந்தாளிகளிடம் கடைக்குட்டி என்று அவளைக் காட்டும்போதே, ஏதோ வாங்கிய பட்டம் மாதிரி அந்தச் சொல்லும் கூடவே வந்துவிடும். எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தைக்காகவே இங்கிலீஷ்காரன் அந்தச் சொல்லைச் செய்து அனுப்பினான் என்று நினைத்திருந்தேன்.

அருப்புக்கோட்டையில் பெரியப்பாவுக்குப் பலசரக்குக் கடை. அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்தவர். தாத்தா இல்லாத வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். பொட்டலம் மடிக்க மதுரையிலிருந்து பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வரும். ஒரு வருடத்துக்கு முந்தைய உலகச் செய்தி எங்கள் ஊருக்குச் சீரகத்தோடுதான் வந்து சேரும். கடைக்குப் பின்கட்டில் உட்கார்ந்து அதைத் தாள் தாளாகக் கிழித்து அடுக்குவது அத்தையின் வேலை.

ஒருநாள் ஓர் இங்கிலீஷ் தாளை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பிறகு கடைப் பென்சிலால் ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பாக வட்டம் போட்டாள். எட்டிப் பார்த்தேன். அவளுடைய சொல்தான்.

"மழையப் போட்டிருக்காக," என்றாள். "மழை ஃபெயிலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழைக்கு யார் பரீட்சை வைத்தது?

அதற்கப்புறம் பள்ளிக்கூடம் விட்டால் நேராகப் பின்கட்டுதான். நான் அந்த நாலெழுத்தைத் தேடிக் கொடுப்பேன். அத்தை கிழிந்த அகராதியோடு மல்லுக்கட்டி வரியைப் படிப்பாள். இரண்டு நாட்டுக்காரர்கள் கூடிப் பேசிய பேச்சு ஃபெயில். வானத்துக்கு விட்ட ராக்கெட் ஃபெயில். மலைப்பாதையில் ஒரு பஸ்ஸின் பிரேக். ஒரு பெரிய மனிதரின் இருதயம். வருவதாகச் சொன்ன மந்திரி கூட்டத்துக்கு வரவில்லை, அதற்கும் அதே சொல். பொழுது மங்கிக் கிரிக்கெட் ஆட்டம் நின்றுபோனபோது வெளிச்சத்துக்கும் அதையே போட்டிருந்தார்கள். எனக்கு அத்தையைப் பார்க்கவே பிரமிப்பாக இருந்தது. ராக்கெட்டும் மந்திரியும் சூரியனும் இருக்கிற கூட்டத்தில் எங்கள் வீட்டு ஆளும் ஒருத்தி. வட்டம் போட்ட தாள்களை அவள் புளிச் சாக்குக்குப் பின்னால் சேர்த்துவைத்தாள்.

அந்தச் சமயம் எம்.ரெட்டியபட்டியிலிருந்து பெண் பார்க்க வரட்டுமா என்று கேட்டிருந்தார்கள். அத்தையோ அக்டோபர் பரீட்சையை இன்னொரு தடவை எழுத வேண்டும் என்றாள். பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் பாரத்தில் பெரியப்பா கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது தடவையும் போனால் வருகிற சம்பந்தமும் போய்விடும் என்று அவர் மறுத்துவிட்டார். அத்தை சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். பாரம் கொடுக்க இரண்டு நாள்தான் பாக்கி.

சந்தையன்று கடையில் நிற்க இடமில்லை. தாள் தீர்ந்துவிட்டது என்று பெரியப்பா சத்தம் போட்டார். அத்தை அடுப்படியில் இருந்தாள். நான் புளிச் சாக்குக்குப் பின்னால் இருந்ததை அள்ளிவந்து, சிவப்பு வட்டம் வெளியே தெரியும்படி கூம்பு கூம்பாக மடித்துக் கொடுத்தேன். திருச்சுழி வரைக்கும் அத்தையின் பெருமை போகட்டும் என்று நினைப்பு.

பத்துப் பொட்டலம் கைமாறிய பிறகுதான் பெரியப்பா கவனித்தார். "என்னத்தா இது, எல்லாத்துலயும் ஒரே வட்டம்?"

மழை, ராக்கெட், மந்திரி, வெளிச்சம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அத்தை பரீட்சைக்குப் படிப்பதாகவும் சொன்னேன். சத்தம் கேட்டு ஓடிவந்த அத்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

பெரியப்பா கையிலிருந்த கூம்பைப் பிரித்தார். மிளகாய் வத்தல் தராசிலேயே கொட்டியது. வட்டத்தை விரலால் தொட்டு, இது எது என்று கேட்டார். மழை என்றேன். கடை வைப்பதற்கு முன்னால் மழையை நம்பிக் கரிசலில் பருத்தி போட்டவர் அவர். மழை ஏமாற்றிய மறுவருஷமும் விதையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனவர். அத்தையை வெகுநேரம் பார்த்தார்.

"அந்தப் பாரத்த எடுத்துட்டு வா தாயி."

அடுத்த லோடு பேப்பர் வந்தபோது, இங்கிலீஷ் தாளையெல்லாம் அவரே பிரித்துப் பின்கட்டுக்கு அனுப்பினார். பொட்டலத்துக்கு ஆகாது, கிழிந்துவிடும் என்றார். நானும் நம்பினேன். அத்தை அந்தத் தடவை தேறிவிட்டாள். வட்டம் போட்ட தாள்களைப் படித்த படிப்பின் பலன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பல வருஷம் கழித்துக் கல்லூரியில் நான் முதல்முறையாகத் தவறினேன். விடுதியில் கதவைச் சாத்திக்கொண்டு, என்னை அறியாமலே செய்தித்தாளை விரித்து அந்த நாலெழுத்தைத் தேடினேன். அத்தை பின்கட்டில் தேடியது பாடத்தை அல்ல, தோற்றதில் தனக்கொரு துணையை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாத பெரியப்பா அதை அன்றைக்கே படித்திருக்கிறார்.