ஆக்னஸ் டீச்சரின் பிரேயர் பாட்டு

ஆக்னஸுக்கு வாரத்தில் மூன்று அரைநாள்தான் வேலை. பட்டாபிராமில் புது அடுக்குமாடிகளுக்கும் பழைய ஓட்டு வீடுகளுக்கும் நடுவில் இருக்கும் ஓர் அரசுப் பள்ளியில் அவள் பகுதி நேரப் பாட்டு டீச்சர். ஆனால் ஐந்து நாளும் ஒன்பது மணிக்கு முன்பே வந்து நின்றுவிடுவாள். வேலை இல்லாத நாளில் இவர் ஏன் வருகிறார் என்று புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் கேட்டால், பழையவர்கள், "பிரேயருக்கு வராங்க" என்பார்கள்.

தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி என்று அரசு சொன்னபடி நடக்க வேண்டியவை முடிந்ததும் அந்தப் பள்ளிக்கென்று ஒரு பாட்டு உண்டு. முருகன் மேல் எட்டே வரி. என்றைக்கோ அங்கே வேலை பார்த்த தமிழாசிரியர் ஒருவர் எழுதி மெட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனது. மைக்கில் ஆக்னஸ் ஒரு வரி பாடுவாள். நானூறு பிள்ளைகள் கைகூப்பி, கண்ணை மூடி, திருப்பிப் பாடுவார்கள். ஐந்தாவது வரியில் மெட்டு சட்டென்று மேலே ஏறும். அந்த இடத்துக்காகவே காத்திருந்ததுபோல் கடைசி பெஞ்சுப் பையன்கள்கூட அதை வாய்விட்டுப் பாடுவார்கள். சென்ட்ரல் போகும் எட்டேமுக்கால் வண்டி தாமதமாக வரும் நாளில், வண்டிச் சத்தத்துக்கு மேலாகவும் அந்த வரி கேட்கும்.

அது அவளுடைய சாமியின் பாட்டு இல்லை. அப்பா ஆவடியில் மிலிட்டரி ஸ்டோரில் வேலை பார்த்தவர். வீட்டில் தினமும் சாயங்காலம் ஜெபமாலை. அவள் ஐந்தாவது படித்த பள்ளியிலும் காலையில் இப்படி ஒரு சாமிப் பாட்டு இருந்தது. "அது நம்ம பாட்டு இல்ல, நீ பாடக்கூடாது" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். பாடாதவர்களின் விரல் முட்டியில் ஸ்கேல் விழும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆக்னஸ், சத்தம் வராமல் வாயை மட்டும் அசைக்கக் கற்றுக்கொண்டாள். அதில் கொடுமை என்னவென்றால், அந்த மெட்டு அவளுக்கு உயிர். பக்கத்தில் நிற்கும் எல்லோரும் பாட, தான் மட்டும் பாடாமல் நின்ற அந்த ஏக்கம் அவளைப் பாட்டு படிக்க வைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அப்போதிருந்த தலைமையாசிரியர் மைக்கை நீட்டிவிட்டுத் தயங்கினார். "உங்களுக்குப் பரவாயில்லையாம்மா?" அவர் கேட்டு முடிப்பதற்குள் அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள். அம்மா சாகும்வரை ஆக்னஸ் இதை அவளிடம் சொல்லவில்லை. கணவன் அமல்ராஜுக்குத் தெரியும். "ஃபாதர் காதுக்குப் போவாம பாத்துக்கோ" என்று சிரித்ததோடு சரி.

போன ஜூன் மாதம் ஏழாம் வகுப்பில் சிம்ரன் என்று ஒரு பெண் சேர்ந்தாள். அவள் கைகூப்பவில்லை, பாடவுமில்லை. பி.டி. வாத்தியார் ஞானசேகரன் காரணம் கேட்டார். "எங்க ஊட்ல சாமி கும்பிட மாட்டோம் சார்" என்றாள். அவர் அவளைத் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் தனியாக நிற்க வைத்தார். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே இடம். மைக்கிலிருந்து பார்த்தால் தொட்டி நேர் எதிரே தெரியும். ஆக்னஸ் எப்போதும் கண்ணை மூடித்தான் பாடுவாள். இரண்டாம் நாளிலிருந்து அவளால் மூட முடியவில்லை.

ஐந்தாம் நாள் சிம்ரனின் அப்பா செங்கல்வராயன் வந்தார். அம்பத்தூரில் லேத் ஓட்டுபவர். ஷிப்டு முடிந்த கையோடு, கையில் எண்ணெய்க் கறையுடன் வந்திருந்தார்.

"நான் சண்டைக்கு வர்ல மேடம்" என்றார், தலைமையாசிரியை அகல்யாவிடம். "எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சு? பேசிகினு இருந்துதா, லேட்டா வந்துதா? கை கூப்பலன்றதுக்கு தொட்டியாண்ட நிக்க வெச்சா, மத்த புள்ளைங்க அத்த இன்னான்னு நெனைக்கும்?"

அகல்யா தேனிப் பக்கத்திலிருந்து அந்த வருஷம்தான் மாற்றலாகி வந்தவர். செங்கல்வராயனை உட்காரச் சொல்லி, அவர் சொன்னதைக் கேட்டார். மறுநாள் மதியம் ஆசிரியர் கூட்டம் போட்டார். பாட்டை எடுத்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளும் கலந்துகொள்கிற மாதிரி ஒரு காலைக் கூட்டம் வைக்கலாமா என்று கேட்டார்.

ஞானசேகரனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு புள்ளைக்காக நானூறு புள்ளைங்க பாட்ட நிறுத்துறதா? இங்கயே பாருங்க. ஆக்னஸ் டீச்சர் கிறிஸ்டியன். பதிமூணு வருஷமா அவங்கதான் பாடறாங்க. அவங்களுக்கே கஷ்டம் இல்லியே."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தலையை ஆட்டினால் போதும், பாட்டு நின்றுவிடாது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"எனக்குக் கஷ்டம் இல்ல சார்" என்றாள். "எனக்கு அந்தப் பாட்டு ரொம்பப் புடிக்கும். நான் ஆசப்பட்டு வந்து பாடறேன். சின்ன வயசுல என்னை அடிச்சுப் பாடச் சொன்னாங்க. அப்போ வாய மட்டும் அசைச்சேன். இப்பவும் லைன்ல நின்னுகிட்டு எத்தன பேரு வாய மட்டும் அசைக்கறாங்கன்னு நமக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு அதக்கூட செய்யல, நேரா சொல்லிடுச்சு. அவ்ளோதான் வித்தியாசம். எடுத்துடலாம் மேடம்."

கூட்டம் முடிந்ததும் இரண்டு டீச்சர்கள் வந்து, இனி உங்களுக்கும் நிம்மதி என்று கையைப் பிடித்துச் சொன்னார்கள். அவள் எதையும் மறுக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை முதல் கூட்டம். கரும்பலகையில் 'இறைவணக்கம்' என்றிருந்த இடத்தில் 'காலைக் கூட்டம்' என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு வகுப்பின் முறை. அன்றைக்கு எட்டாம் வகுப்பு ரோஷினி, மழை பெய்தால் தங்கள் தெருவில் எந்தெந்த வீட்டுக்குள் முதலில் தண்ணீர் வரும், யார் யார் கட்டிலை மாடிக்கு ஏற்றுவார்கள் என்று பேசினாள். பிள்ளைகள் சிரித்தார்கள், கேட்டார்கள். சிம்ரன் தன் வரிசையில் நின்று கேட்டாள். கடைசியில் ஒரு நிமிட மௌனம்; வேண்டுகிறவர்கள் மனசுக்குள் வேண்டிக்கொள்ளலாம். எல்லாம் நன்றாகவே இருந்தது. பழைய பழக்கத்தில் வந்துவிட்ட ஆக்னஸ், மைக் பக்கத்தில் வேலையில்லாமல் நின்றாள். மௌனத்தின்போது மனசுக்குள் அந்த ஐந்தாவது வரியைத் தொட்டுப் பார்த்தாள். தனிக்குரலில் அது அவ்வளவு உயரம் போகவில்லை.

அதன் பிறகு வேலை இல்லாத நாளில் அவள் வருவதை நிறுத்தினாள். ஒன்பது மணிக்கு வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். ரயில் போகும் சத்தம் கேட்டதும் கை தானாக நின்றுவிடும்.

"அதான் சண்டே சர்ச்சு கோயர்ல பாடறியே, அப்புறம் இன்னா?" என்றான் அமல்ராஜ்.

அதை அவளால் சரியாக விளக்க முடியவில்லை. சர்ச்சில் பாடுகிற எல்லோரும் ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள். அந்த மைதானத்தில் சாப்பாடும் சாதியும் சாமியும் வேறு வேறான பிள்ளைகள், எட்டு வரிக்கு மட்டும் ஒரே மூச்சில் சேர்ந்துகொள்வார்கள். அப்படித்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அதில் பாதி ஸ்கேலுக்கோ தொட்டிக்கோ பயந்த சேர்க்கை என்று இப்போது தெரியும். தெரிந்த பிறகும் அந்தச் சத்தத்தின் மேல் ஆசை போகவில்லை.

ஆகஸ்டில் அகல்யாவிடம் போய், வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அரை மணி நேரம் கேட்டாள். "வர்றவங்க வரட்டும் மேடம். கட்டாயம் இல்ல. சாமிப் பாட்டும் இல்ல." மழையைப் பற்றி அவளே ஒரு பாட்டு எழுதி வைத்திருந்தாள். முதல் வெள்ளிக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள்.

வராந்தாவில் சிம்ரன் பையோடு போவதைப் பார்த்து ஆக்னஸ் கூப்பிட்டாள். "நீ வரலியாம்மா? இதுல சாமியெல்லாம் கிடையாது."

சிம்ரன் சங்கடத்துடன் நெளிந்தாள். "அதுக்கில்ல டீச்சர். எனக்குப் பாட்டே புடிக்காது. நான் கபடிக்குப் போறேன்."

ஆக்னஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போ, போ" என்று அனுப்பிவைத்தாள். அன்று முழுக்க அந்தச் சிரிப்பு விட்டுவிட்டு வந்தது.

நவம்பருக்குள் இருபத்துமூன்று பேர் ஆனார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பத்தாம் வகுப்பு ஸ்வாதி கேட்டாள்: "டீச்சர், பழைய பிரேயர் பாட்டு ஒரே ஒரு வாட்டி பாடலாமா?"

யாருக்கெல்லாம் விருப்பம் என்று ஆக்னஸ் கேட்டாள். பத்தொன்பது கைகள் உயர்ந்தன. நான்கு பேர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர், மெதுவாக, மற்றவர்களைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார்கள். அப்படித் தூக்கியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வேணாம், மழைப் பாட்டையே பாடுவோம்" என்றாள்.

இரண்டு முறை பாடினார்கள். ஐந்து மணிக்கு அமல்ராஜ் பைக்கோடு கேட்டில் நின்றிருந்தான்.

"இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணுமில்ல. பசங்க ஒரு பாட்டு கேட்டாங்க. வேணாம்னுட்டேன்."

எந்தப் பாட்டு என்று அவன் கேட்கவில்லை. மார்க்கெட் வழியாகப் போகலாமா என்று மட்டும் கேட்டான். சரி என்று ஏறி உட்கார்ந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி போய் முடியும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.